டாமினோஸ் பீட்சாவை வளர்த்தது எது: வேகமா, மாவா, கடைக்காரர்களா?

வணிகவியல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை வணிகவியல் படிக்கும் நான், சங்கிலித்தொடர் உணவகங்கள் வளர்ந்த விதம் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு டாமினோஸ் பீட்சா நிறுவனத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சிகளின் வரிசை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. 1960 டிசம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலாண்டி என்ற ஊரில், டாம் மோனகனும் அவருடைய சகோதரர் ஜேம்ஸும் ‘டாமினிக்ஸ்’ என்ற சிறிய பீட்சா கடையை 500 டாலர் முன்பணம் கொடுத்து, 900 டாலர் கடன் வாங்கி எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அஞ்சல்துறை வேலையை விட மனமில்லாத ஜேம்ஸ், சில மாதங்களிலேயே தம் பாதிப் பங்கை டாமிடம் கொடுத்துவிட்டு, பீட்சா கொண்டுசெல்லப் பயன்பட்ட பழைய வோல்க்ஸ்வாகன் காரைப் பெற்றுக்கொண்டு விலகினார். 1965இல் கடை டாமினோஸ் என்று பெயர் மாறியது. அப்போதிருந்த 3 கடைகளைக் குறிக்கவே சின்னத்தில் 3 புள்ளிகள் வைக்கப்பட்டன.

எனக்குப் பிடிபடாதது வளர்ச்சியின் வேகம்தான். 200ஆவது கடையைத் திறக்க நிறுவனத்துக்கு 18 ஆண்டுகள் ஆகி, 1978 வந்துவிட்டது. ஆனால் 1983இல் 1,000 கடைகள், 1989இல் 5,000 கடைகள். 1958இலேயே கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் தொடங்கிய பீட்சா ஹட், 1977இல் பெப்சிகோ நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெரும் பணபலத்தோடு நின்ற காலம் அது. அப்படியிருக்க, உட்கார்ந்து சாப்பிட நாற்காலிகூட இல்லாத கடைகளை நடத்திய ஒருவர் 11 ஆண்டுகளில் 200ஐ 5,000 ஆக்கியது எப்படி? நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘30 நிமிடத்தில் வராவிட்டால் இலவசம்’ என்ற உறுதிமொழியையே காரணமாகச் சொல்கின்றன. அது மட்டும் போதுமான காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

சில்லறை வணிகன்:

நல்ல கேள்வி, சகோதரி. அந்த 18 ஆண்டுகளைத் தேக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. பின்னால் வந்த 11 ஆண்டுகளில் பெருகியது எதுவோ, அது முழுவதும் அந்த 18 ஆண்டுகளில்தான் உருவானது.

தொடக்கத்தில் மோனகன் செய்தவற்றைப் பார்த்தால், அவர் சேர்த்ததைவிட விலக்கியதே அதிகம். முதலில் சிறிய ஆறங்குலப் பீட்சாவை விலக்கினார். சிறிய பீட்சாவைத் தட்டுவதற்கும் பெரிய பீட்சாவைத் தட்டுவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கும். பெட்டி ஒன்று, வண்டி ஓட்டம் ஒன்று, ஆனால் வரும் காசு மட்டும் குறைவு. கூட்டம் நெரியும் இரவுகளில் கடையைத் திணறடித்தவை அந்தச் சிறிய பீட்சாக்களே. பிறகு சாண்ட்விச் போனது, உட்கார இடம் போனது. 12 அங்குலம், 16 அங்குலம் என்று இரண்டு அளவுகள், மேலே தூவ ஒரு சில பொருள்கள், குடிக்கக் கோலா என்பதோடு பட்டியல் முடிந்தது. 1989இல் பான் பீட்சா வரும்வரை புதிதாக ஒரு பண்டத்தை அந்த நிறுவனம் அறிமுகப்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது, நீங்கள் கேட்கும் அந்த 5,000 கடைகளும் ஏறக்குறைய ஒரே பண்டத்தை விற்று வளர்ந்தவை.

அடுத்தது இடம். முதல் கடை கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருந்தது. மாணவர் விடுதிகளும் இராணுவ முகாம்களும் இந்தத் தொழிலுக்கு வாய்ப்பான இடங்கள்: நெருக்கமாக ஆட்கள், இரவில் பசி, சமைக்க அடுப்பு கிடையாது. வாடிக்கையாளர் கடைக்கு வரப்போவதில்லை என்றால் முக்கியச் சாலையில் கடை எடுக்க வேண்டியதும் இல்லை. பின்தெருவில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை, அடுப்பு, தொலைபேசி இருந்தால் கடையைத் திறந்துவிடலாம். பெரிய கூரையும் மேசை நாற்காலிகளும் போட்டு உணவகம் கட்டுகிறவருக்கு ஆகும் முதலீட்டோடு இதை ஒப்பிட்டால், பீட்சா ஹட்டின் பணபலத்துக்கு முன்னால் இவர் எப்படி நின்றார் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, கடையை யார் நடத்தினார்கள் என்பதில் இருக்கிறது. 1967இல் முதல் ஃபிரான்சைஸ் கடை, அதாவது நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்று வேறொருவர் நடத்தும் கடை, வந்தது. வெளியிலிருந்து பணத்தோடு வருகிறவர்களுக்குக் கடையைக் கொடுப்பதைவிட, வண்டி ஓட்டிப் பீட்சா கொடுத்தவர், மாவு தட்டியவர், பிறகு மேலாளராக ஒரு கடையை நடத்திக் காட்டியவர் என்று உள்ளிருந்து வந்தவர்களுக்கே கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கமானது. இன்றும் தன் அமெரிக்கக் கடை உரிமையாளர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் அப்படி வந்தவர்களே என்று அந்நிறுவனம் சொல்கிறது. சேமிப்பு அதிகம் இல்லாத ஓர் இளைஞர் கடை முதலாளி ஆக முடிந்ததற்குக் காரணம், நான் மேலே சொன்ன சிறிய முதலீடுதான். அவர் முதலாளி ஆனதும், தம்மிடம் வேலை செய்யும் ஓட்டுநர்களில் நம்பிக்கையானவரை மேலாளர் ஆக்குகிறார். அந்த மேலாளர் அடுத்த ஊரில் தம் பெயரில் கடை திறக்கிறார். இந்தச் சுழற்சி ஒருமுறை உருண்டுவிட்டால் எண்ணிக்கை பெருக்குத்தொடராகத்தான் ஏறும். 1985 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 954 கடைகள் திறந்து மொத்தம் 2,841 ஆனதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

உங்கள் கட்டுரையில் 1970ஆம் ஆண்டுக்கு ஒரு தனிப் பகுதி கொடுங்கள். 1968இல் தலைமையகமும் மையச் சமையற்கூடமும் தீயில் எரிந்தன. அதிலிருந்து எழுந்த கையோடு அவசரமாகப் பல கடைகளைத் திறந்ததில் கடன் கழுத்தை நெரித்து, 1970இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு வங்கியின் கைக்குப் போய்விட்டது. 1971இல்தான் மோனகன் அதை மீட்டார். அது போதாதென்று, 1975இல் டாமினோ சர்க்கரையைத் தயாரித்த ஆம்ஸ்டார் நிறுவனம் பெயர் உரிமை மீறல் என்று வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றபோது புதிய கடைகளுக்கு ‘பீட்சா டிஸ்பேட்ச்’ என்று வேறு பெயர் வைக்க வேண்டிய நிலை வந்தது. 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாமினோஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பெயர் நிலைக்குமா என்றே தெரியாத ஒரு கடைக்கு வீட்டை அடகு வைத்து எவர் பணம் போடுவார்? 1980ஐ ஒட்டி வளைகோடு திடீரென மேலே ஏறுவதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அடுப்படி:

மேலே நண்பர் எழுதியதில் மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கோவையில் ஒரு பீட்சா சங்கிலிக் கடையில் மேலாளராக வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கடைக்குள் மாவு பிசைவதே கிடையாது. விடியற்காலையில் குளிர்வண்டி வரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகளில், எடை பார்த்து உருட்டிய மாவு உருண்டைகள் இருக்கும்; ஒவ்வொரு அடுக்கிலும் தேதி ஒட்டியிருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தட்டினால் மாவு ரப்பர்போல உள்ளே சுருங்கிக்கொள்ளும். அதிக நேரம் வெளியே கிடந்தால் பொங்கித் தளர்ந்து, அடுப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எனவே மாலை நேரத்துக் கூட்டத்தைக் கணித்து, எத்தனை தட்டுகளை எப்போது வெளியே எடுத்து வைப்பது என்பதுதான் மேலாளரின் முதல் வேலை. சாஸை ஒரே அளவுக் கரண்டியால் நடுவிலிருந்து சுழற்றி விளிம்புக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்த வேண்டும். சீஸ் எடைபோட்டு விழும். பிறகு, சங்கிலிப் பட்டை தானே இழுத்துச் செல்லும் அடுப்பில் ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் வெந்து வெளியே வரும். அடுப்பைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிப் போடும் தேர்ந்த சமையற்காரர் அங்கே தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சில நாள்களில் வேலை வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் முதலில் செம்மைப்படுத்தியவர்களில் டாமினோஸ் முக்கியமானது. மாவு, சாஸ், சீஸ் அனைத்தும் மையக் கூடங்களிலிருந்து கடைகளுக்குப் போகின்றன. அமெரிக்காவில் கடைக்காரர்கள் விற்பனையில் 5.5 சதவீதம் உரிமத்தொகையாகக் கட்டுகிறார்கள். அதற்கு மேல் விளம்பர நிதிக்கும் பணம் கட்டுகிறார்கள். ஆனால் நிறுவனத்தின் மொத்த வருவாயில் பாதிக்கும் மேல் வருவது இந்தப் பொருள் வழங்கலிலிருந்துதான். அதில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு கடைக்காரர்களுக்கே திரும்பப் போகிறது. அதனால் வெளியே மலிவாக மாவு வாங்கலாமா என்ற சபலம் அவர்களுக்கு வருவதில்லை. ஊருக்கு ஊர் சுவை மாறாமல் 5,000 கடைகளைக் கட்டிக்காத்தது இந்த மாவு வண்டிதான் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டியையும் மறந்துவிடாதீர்கள். பழைய மெல்லிய அட்டைப் பெட்டியில் சூடான பீட்சாவை வைத்தால் நீராவியில் அட்டை நமத்து, மூடி தொய்ந்து சீஸில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கும். 1960களில் மோனகன் டெட்ராய்ட்டில் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனத்தோடு சேர்ந்து, உள்ளே நெளிவு வைத்த கெட்டி அட்டையில் பெட்டி செய்வித்தார். ஒரு வண்டியில் பல வீட்டுப் பீட்சாக்களை அடுக்கி எடுத்துப் போக முடிந்தது அதற்குப் பிறகுதான்.

நெய்தல் நிலவன்:

30 நிமிட உறுதிமொழியைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. வளர்ச்சியின் வரலாற்றை எழுதும்போது, அந்த வளர்ச்சிக்கு வேறு யாரோ கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

1973இல் அரை மணி நேர வாக்குறுதி வந்தது. 1980களின் நடுவில் ‘இலவசம்’ என்பது ‘3 டாலர் தள்ளுபடி’ என்று மாறியது. கடைக்குள் வேலை வேகமாக நடப்பதால்தான் நேரத்துக்குப் போக முடிகிறது, ஓட்டுநர்கள் விரைந்து ஓட்ட வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அடுப்படி எழுதியதைப் படித்தால் அந்த வாதத்தில் உண்மை இருப்பது தெரிகிறது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த 18, 19 வயதுப் பையன் சாலையில் எப்படி ஓட்டுவான் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1992இல், இந்தியானா மாநிலத்தில் டாமினோஸ் வண்டி மோதி இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 28 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். 1989இல் செயின்ட் லூயிஸ் நகரில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த டாமினோஸ் வண்டி மோதிக் காயமடைந்த இன்னொரு பெண்ணுக்கு, ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 1993 டிசம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. பிறகு அது 1.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே அமெரிக்காவில் அந்த உறுதிமொழி கைவிடப்பட்டது.

உங்கள் கேள்விக்கும் இதிலேயே ஒரு விடை இருக்கிறது. உறுதிமொழிதான் நிறுவனத்தை ஓட்டிய எந்திரம் என்றால், 1993க்குப் பிறகு கடைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. 1998இல் மோனகன் ஓய்வுபெற்றபோது, பெய்ன் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் 93 சதவீதப் பங்குகளைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. புதிய ஊரில் பெயரை மக்கள் மனத்தில் பதிய வைக்க உறுதிமொழி உதவியது. அதைக் காப்பாற்றக்கூடிய கடை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. இரண்டில் எது முந்தியது என்பதைக் கட்டுரையில் தெளிவாகக் காட்டுங்கள்.

வணிகவியல் மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் வழக்கின் காலத்தை வளர்ச்சி வளைகோட்டோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இன்னொரு ஐயம் எழுகிறது. ஓட்டுநர் மேலாளராகி, மேலாளர் முதலாளியாவதுதான் வளர்ச்சியின் அடிப்படை என்றால், இந்தியாவில் நடந்ததை எப்படி விளக்குவது? இங்கே கடைகளை நடத்துவது ஒரே நிறுவனம் அல்லவா?

பங்குச்சந்தைப் பார்வையாளர்:

ஆம், அங்கேதான் சில்லறை வணிகனின் விளக்கத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது.

அமெரிக்காவுக்கு வெளியே முதல் கடை 1983இல் கனடாவின் வின்னிபெக் நகரில் திறந்தது. 1985இல் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்தன. வெளிநாடுகளில் டாமினோஸ் பின்பற்றும் முறை வேறு. ஒரு நாடு முழுவதற்குமோ பல நாடுகளுக்குச் சேர்த்தோ ஒரே நிறுவனத்திடம் தலைமை உரிமத்தைக் கொடுத்துவிடும். முதலீடும் நட்டமும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை. விற்பனையில் ஒரு சிறு பங்கு மட்டும் அமெரிக்காவுக்குப் போகும். இந்தியாவில் அந்த உரிமத்தைப் பெற்றது ஜூபிலண்ட் குழுமம். முதல் கடை 1996 ஜனவரியில் புது தில்லியில் திறந்தது. இலங்கை, வங்கதேசம், நேபாளம் ஆகியவற்றுக்கான உரிமமும் இன்று அவர்களிடமே இருக்கிறது. இந்தியாவில் அவர்கள் கடைகளைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்காமல், மேலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்துத் தாங்களே நடத்துகிறார்கள்.

முதலாளி ஆகும் ஆசை இல்லாமலே இங்கே வளர்ச்சி எப்படி வந்தது? என் பார்வையில், அமெரிக்காவில் தனிமனிதரின் உழைப்பும் கடனும் செய்த வேலையை இங்கே பங்குச்சந்தைப் பணம் செய்தது. 2010இல் ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் பங்குச்சந்தைக்கு வந்தது. அதன் பிறகு கடைகள் பெருகிய வேகம் கூடி, இந்தியா அமெரிக்காவுக்கு அடுத்து டாமினோஸுக்கு மிக அதிகக் கடைகள் உள்ள நாடானது. இப்போது இங்கே 2,000க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன.

ஆனால் மாவு வண்டி மாறவே இல்லை. கிரேட்டர் நொய்டா, பெங்களூரு போன்ற இடங்களில் உள்ள பெரிய மையக் கூடங்களிலிருந்துதான் கடைகளுக்கு மாவு போகிறது. மாறியது விலையும் தூவும் பொருளும்: பனீர் வந்தது, சைவ வகைகள் பெருகின, கல்லூரி மாணவர் கைச்செலவுக்கு எட்டும்படி 35 ரூபாய்க்குச் சிறிய ‘பீட்சா மேனியா’ வந்தது. இப்சிலாண்டியில் நட்டமென்று ஒதுக்கிய சிறிய பீட்சாவே இங்கே புதியவர்களைக் கடைக்கு அழைத்துவந்தது; பலர் நேரில் வந்து வாங்கிச் சாப்பிட்டதால் வண்டி ஓட்டச் செலவு அதில் சேரவில்லை. அமெரிக்காவில் கைவிட்ட 30 நிமிட உறுதிமொழியும் இங்கே தொடர்ந்து விளம்பரத்தில் இருந்தது. நெய்தல் நிலவன் எழுப்பிய கவலை நம் நகரச் சாலைகளுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பதால், அதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

சில்லறை வணிகன்:

பார்வையாளர் சொல்லும் வரம்பை ஏற்கிறேன். முதலாளியாகும் வாய்ப்பு அமெரிக்க வளர்ச்சிக்குப் பொருந்தும் விளக்கம். மாவும் குறுகிய பட்டியலும்தான் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை.

இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். இந்த முறை எல்லா இடத்திலும் வெல்லும் என்று கட்டுரையில் எழுதிவிட வேண்டாம். 2015இல் மிலான் நகரில் தொடங்கி இத்தாலி முழுவதும் 880 கடைகள் திறப்பது என்று திட்டமிட்டார்கள். அங்கே தெருவுக்குத் தெரு நல்ல பீட்சா கடை உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதுதான் தங்கள் பலம் என்று நம்பி இறங்கினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளூர்க் கடைகளே செயலிகள் வழியாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியதும் அந்தப் பலம் கரைந்தது. 2022இல் இத்தாலியில் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன.

இன்னொன்று 2009. அந்த ஆண்டு வெளியான ஒரு நுகர்வோர் கருத்துக்கணிப்பில் சுவை வரிசையில் டாமினோஸ் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. அடிப்பகுதி அட்டைபோல இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதை நிறுவனமே தன் விளம்பரத்தில் அப்படியே காட்டிவிட்டு, மாவு, சாஸ், சீஸ் மூன்றையும் மாற்றியது. 2010இன் முதல் காலாண்டில், அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட 14.3 சதவீதம் கூடியது. 2008 இறுதியில் 3 டாலருக்குக் கீழே போயிருந்த பங்கு, 2019 முடியும்போது 300 டாலரை நெருங்கியிருந்தது. இதில் சுவை மாற்றத்தின் பங்கு எவ்வளவு, 2007க்குப் பிறகு இணையம் வழியாக ஆர்டர் வாங்கும் முறையில் கொட்டிய முதலீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயலுங்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் அதற்கான எண்கள் கிடைக்கும். சொந்த ஓட்டுநர்களையும் சொந்தச் செயலியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அவர்கள், 2023இல் அமெரிக்காவில் ஊபர் ஈட்ஸ் என்ற உணவு ஆர்டர் செயலி வழியாகவும் ஆர்டர் வாங்கச் சம்மதித்தார்கள் என்பதையும் கடைசிப் பகுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் பீட்சாவை வீட்டுக்குக் கொண்டுபோவது தங்கள் ஓட்டுநர்தான் என்ற நிபந்தனையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.